பங்கு ஜெனரேட்டரும் நம்ம வீட்டு எர்த்தும்



2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்கள் பல, வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஜெனரேட்டரை வைத்துத்தான் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். அடுத்த புயலில் திருவிடைமருதூர்ப் பக்கத்திலும் நாலு வீடு சேர்ந்து ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுக்க நேரலாம். அப்போது வீட்டு எர்த்தை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

தேர் நிலைக்கு வரணும்

மகாலிங்கசுவாமி கோயில் தேர் நிலையிலிருந்து புறப்பட்டு, வீதி சுற்றி, மறுபடி நிலைக்கே வந்து சேருது இல்லீங்களா? மின்சாரமும் அப்படித்தான். புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வழி இருந்தால்தான் ஓடும். பேஸ் வயரில் வந்து நியூட்ரல் வயரில் திரும்புகிறது.

மின்வாரிய லைனில் டிரான்ஸ்பார்மரிலேயே நியூட்ரலை எர்த் செய்திருக்கிறார்கள். உங்கள் கிரைண்டர் பாடியில் மின்சாரம் கசிந்தால், அது எர்த் வயர் வழியாக மண்ணில் இறங்கி டிரான்ஸ்பார்மருக்குத் திரும்புகிறது. வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால், அந்தக் கசிவுக்கு உடனே விழுந்துவிடும். இ.எல்.சி.பி. என்று கடையில் கேட்போமே, அதுதான்.

சிறிய ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. கசிந்த மின்சாரத்துக்குத் திரும்ப வழி இல்லை. பியூஸ் போகாது, ஆர்.சி.சி.பி. விழாது. கிரைண்டர் பாட்டுக்கு ஓடும். கோளாறு இருப்பதே தெரியாது.

பக்கத்து வீட்டுக் கோளாறு

மறுநாள் பக்கத்து வீட்டு மோட்டாரில் நியூட்ரல் வயர் கசிந்தது என்று வையுங்கள். இப்போது வழி கிடைத்துவிட்டது! இரண்டு வீட்டு எர்த் குழிக்கும் நடுவே மண் வழியாக மின்சாரம் ஓடும். குழிக்கு 20 ஓம் தடை என்றால் மொத்தம் 40 ஓம். 230 வோல்ட்டை 40-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர்கூட வராது. 16 ஆம்பியர் பியூஸ் அசையாது. ஆர்.சி.சி.பி.யும் இல்லாவிட்டால், இரண்டு இயந்திரத்தின் பாடியிலும் 115 வோல்ட் நிற்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு மாவு ஆட்டுகிற அம்மாவின் உயிருக்கு அது போதும், ஐயா.

என்ன செய்யணும்?

இது எலெக்ட்ரீஷியன் செய்யும் வேலை. கேட்டு வாங்க வேண்டியது நீங்கள்.

ஒன்று: ஜெனரேட்டர் பக்கத்தில் எர்த் போட்டு, ஜெனரேட்டர் பாடியையும் நியூட்ரலையும் அங்கே ஒரே இடத்தில் சேர்க்கணும். வீடுகளில் மறுபடி நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கக் கூடாது.

இரண்டு: வீட்டுக்கு இரண்டு வயர் மட்டும் இழுத்தால் போதாது. மூன்றாவதாக எர்த் வயரும் வரணும். வீட்டு எர்த் பைப்பையும் அதோடு சேர்க்கணும். கசிவு மண்ணை நம்பாமல் கம்பியிலேயே திரும்பும்.

மூன்று: வீட்டுக்கு வீடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதே, அதனால் எர்த் சரி என்று நினைக்காதீங்க. எர்த் இல்லாவிட்டாலும் பட்டன் வேலை செய்யும்.

நான்கு: பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வேண்டும். ஜெனரேட்டர் வயரை பிளக்கில் செருகினால், உங்கள் 230 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் ஏறி 11,000 வோல்ட்டாகக் கம்பிக்குப் போகலாம். கம்பத்தில் நமக்காக வேலை செய்கிற லைன்மேனை அது கொன்றுவிடும்.

எர்த் பைப் ஜி.ஐ. ஆனால், ஐ.எஸ். 3043 விதிப்படி உள்விட்டம் 38 மி.மீ., நீளம் இரண்டரை மீட்டருக்குக் குறையக் கூடாது. சித்திரை வெயிலில் நம்ம களிமண் வெடித்துப் பைப்பை விட்டு விலகும். அப்போது குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஜெனரேட்டரை இறக்கும்போதே, "நியூட்ரலை எங்கே எர்த் பண்ணியிருக்கீங்க?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அரிக்கேன் விளக்கே போதும்.