தலைக்கு வெந்நீர் ஊற்றினால் வலிப்பு வருமா? பேய் இல்லை, மூளைதான் காரணம்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் தண்ணீர் கஷ்டம் எப்படி இருந்தாலும் வெள்ளிக்கிழமை தலைக்குளியல் நிற்காது. கருவேல விறகில் காய்ந்த வெந்நீரை விளாவி, செம்பு செம்பாகத் தலையில் ஊற்றுவார்கள். அந்த நேரத்தில் பிள்ளைக்குக் கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தால்? 'காத்து கருப்பு பட்டிருக்கு, மந்திரிங்க' என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹாட் வாட்டர் எபிலெப்சி'. உலக அளவில் அரிது. தென்னிந்தியாவில்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவர் பி.சதீஷ்சந்திராவும் சகாக்களும் 1988-ல் 279 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். சில குடும்பங்களில் பலருக்கு இது வருவதால், கேள்வி மரபணு லேபுக்குப் போனது. அதே ஊரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில், அனுரஞ்சன் ஆனந்தின் குழு நிமான்ஸ் டாக்டர்களோடு சேர்ந்து அந்தக் குடும்பங்களின் டிஎன்ஏவை அலசியது. 2009-ல் சந்தேகத்துக்குரிய இரண்டு குரோமோசோம் பகுதிகள் சிக்கின. 2017-ல் வேறொரு இடத்தில், எஸ்எல்சி1ஏ1 என்ற மரபணுவில் அரிய மாற்றங்கள். மூளை செல்களைத் தூண்டும் குளுட்டமேட்டை வேலை முடிந்ததும் உறிஞ்சி எடுக்கும் புரதம் இந்த மரபணுவிலிருந்துதான் வருகிறது. அது தேங்கினால் செல்கள் எல்லை மீறித் தூண்டப்படும். இத்தனை வருஷ உழைப்புக்கும் சில குடும்பங்களுக்குத்தான் விடை கிடைத்திருக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்? வெதுவெதுப்பான தண்ணீர் போதும். தலையில் மடமடனு ஊத்தாதீங்க. பாத்ரூமை உள்ளே தாழ் போட விடாதீங்க. நரம்பியல் டாக்டரைப் பாருங்க. சிலருக்குக் குளிக்கும் முன் மட்டும் போடும் மாத்திரையையே எழுதித் தருவார்கள்.