பழ ஈ புகட்டும் பாடம்

கனிந்து மிஞ்சிய வாழைப்பழத்தை மேசைமீது இரண்டு நாள் விட்டுவைப்போமாயின், எங்கிருந்து வந்தனவென்று அறியாதபடி எள்ளளவான ஈக்கள் சில அதனைச் சூழ்ந்து வட்டமிடக் காண்கின்றோம். மாங்கனியைத் துளைத்து அழிக்கும் பெரிய ஈ இதுவன்று. பழம் நொதிக்கும்போது பெருகும் மதுவத்தை நாடி வருவது இது. விஞ்ஞானிகள் இதற்கிட்ட பெயர் துரொசோபிலா. கிரேக்க மொழியிலே பனித்துளியை விரும்புவது என்பது அதன் பொருள். நாமோ அப்பெயரின் அழகை அறியாது கையால் விசிறி ஓட்டிவிட்டு அப்பாற் செல்கின்றோம்.

"இந்த ஈயைப் பிடித்து எண்ணிக்கொண்டிருப்பதும் ஒரு படிப்பா?" என்று மாணவர் ஒருவர் எம்மிடம் ஒருமுறை வினவினார். வினா நியாயமானதே. எண்ணியவர்கள் கண்டது யாதென்பதை இங்கே சொல்ல முயல்வோம்.

வரிசை மாறிய மணிகள்

உயிர்களின் கலங்களிலே நிறமூர்த்தங்கள் எனப்படும் நுண்ணிய இழைகள் உள்ளன. பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டுசெல்லும் பரம்பரையலகுகள் இவ்விழைகளில், நூலிற் கோத்த மணிகளைப்போல வரிசையாக அமைந்திருக்கின்றன. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இழைகள் சோடி சோடியாக இருக்கும்.

சில வேளைகளில் ஓரிழை ஈரிடத்தில் முறிந்து, இடைத்துண்டு தலைகீழாகத் திரும்பி மீண்டும் ஒட்டிக்கொள்வதுண்டு. க, ங, ச, ஞ, ட, ண என்றிருந்த வரிசை க, ட, ஞ, ச, ங, ண என்றாகிவிடும். எழுத்து ஒன்றும் குறையவில்லை, கூடவுமில்லை. வரிசை மாத்திரமே மாறிற்று. இவ்வாறான தலைகீழ்த் திருப்பம் இயற்கையில் உண்டென்பதை, ஈரினப் பழ ஈக்களை ஒப்பிட்டு 1921இல் நிறுவியவர் அமெரிக்க அறிஞர் ஆல்பிரட் ஸ்டேர்ட்டவன்ற்.

இம்மாற்றத்தால் விளைவது என்ன? பெண் ஈயின் உடலில் முட்டை உருவாகும்போது, சோடியான இரண்டு இழைகளும் தம்முள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது வழக்கம். ஆனால் ஓரிழை நேராகவும் மற்றையது திரும்பியும் இருந்தால், திரும்பிய பகுதிக்குள்ளே நிகழும் பரிமாற்றம் பயன்படாது போகின்றது. அங்ஙனம் கலந்த இழை சந்ததியைச் சென்றடைவதில்லை. ஆகவே அப்பகுதியிலுள்ள அலகுகள் யாவும் கட்டவிழாத பொதிபோல ஒன்றாகவே தலைமுறை தலைமுறையாகச் செல்கின்றன.

இதனைக் கண்ணாற் காணவும் வழியுண்டு. ஈயின் குடம்பியினுடைய உமிழ்நீர்ச் சுரப்பியில், இழைகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகளாகப் பெருகி ஒட்டிப் பருத்துக் கிடக்கின்றன. அவற்றிற் குறுக்காக ஓடும் கரும்பட்டிகள் பரம்பரையை ஆராய்வதற்கு எத்துணை உதவும் என்பதை 1933இல் தியோபிலஸ் பெயின்ரர் எடுத்துக்காட்டினார். நேர் இழையும் திரும்பிய இழையும் சோடி சேரும்போது, பட்டியோடு பட்டி பொருந்தும்பொருட்டு அவை கண்ணிபோல வளைந்துகொள்ளும். நுணுக்குக்காட்டியில் அக்கண்ணியைக் கண்டவர், இந்த ஈயில் இருவகை இழையும் உள்ளன என்று தயக்கமின்றிச் சொல்லிவிடலாம்.

மலைச்சரிவில் ஒரு கணக்கெடுப்பு

இவ்வசதியைப் பெரிதும் பயன்படுத்தியவர் தியோடோசியஸ் டொப்ஷான்ஸ்கி. 1900இல் உக்ரேனில் பிறந்து, 1927இல் அமெரிக்கா சென்றவர். மேற்கு அமெரிக்கக் காடுகளில் வாழும் துரொசோபிலா சூடோஒப்ஸ்கியூரா என்னும் ஈயினத்தை அவரும் ஸ்டேர்ட்டவன்றும் ஆராய்ந்தனர். அதன் மூன்றாம் நிறமூர்த்தத்திற் பல்வேறு திருப்பங்கள் இருக்கக் கண்டு, எவ்வரிசையிலிருந்து எவ்வரிசை பிறந்திருத்தல் கூடுமென ஒரு வமிசாவளியையே 1936இல் வகுத்தனர்.

தொடக்கத்தில் டொப்ஷான்ஸ்கி இவ்வேறுபாடுகளால் ஈக்கு நன்மையுமில்லை, தீமையுமில்லை என்றே எண்ணியிருந்தார். அவ்வெண்ணத்தை மாற்றியது கலிபோர்னியாவிலுள்ள சான் ஹசின்ரோ மலை. அம்மலைச்சரிவில், ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள பின்யோன் பிளாற்ஸ் என்னுமிடத்தில், நொதித்த வாழைப்பழக் கூழை வைத்து ஈக்களைப் பிடித்து, மாதந்தோறும் கணக்கெடுத்தார். மார்ச்சு மாதத்தில் நியம வகை எனப்படும் இழைவரிசை ஏறத்தாழப் பாதியாக இருந்தது. யூன் மாதம் வந்ததும் அது மூன்றிலொரு பங்கையொட்டிக் குறைந்தது. அரிசோனா மலையொன்றின் பெயரைத் தாங்கிய சிரிக்காகுவா வகை அதனிடத்திற் பெருகிற்று. கோடை முதிர, நியம வகை மீண்டும் ஏறிற்று. ஒவ்வோராண்டும் இதே ஏற்றமும் இறக்கமும் நிகழ்ந்தன. 1943இல் இம்முடிவுகள் வெளிவந்தன.

உயிர்களின் கூர்ப்பு ஒரு மனிதனின் வாழ்நாளிற் காண முடியாத அளவுக்கு மெதுவானது என்றே அறிஞர் பலரும் கருதியிருந்தனர். இங்கோ, பருவத்தோடு பருவமாக இயற்கைத் தேர்வு நடந்தேறுவதை ஒருவர் எண்ணிப் பார்த்துவிட்டார். தாம் முன்னர்க் கொண்ட கருத்துப் பிழையென்று கண்டதும் அதைக் கைவிட அவர் தயங்கவில்லை என்பதும் மாணவர் மனங்கொள்ளத் தக்கது.

கூண்டுக்குள்ளே நிகழ்ந்த போட்டி

ஆயினும் காட்டிலே வெயிலும் மழையும் உணவும் ஒருங்கே மாறுகின்றன. எது காரணமென்று எப்படித் தெளிவது? டொப்ஷான்ஸ்கி கூண்டுகள் செய்வித்து, ஆயிரக்கணக்கான ஈக்களை அவற்றினுள் வாழவிட்டார். கணித வல்லுநர் சுவல் ரைட் அவருக்குத் துணைநின்றார். 1946இல் இருவரும் முடிவுகளை வெளியிட்டனர். 25 பாகை வெப்பத்தில் நியம வகை படிப்படியாகப் பெருகிற்று. 16.5 பாகையிலோ குறிப்பிடத்தக்க மாற்றமே நிகழவில்லை.

இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. வென்றுவந்த நியம வகை முழுவதையும் பிடித்துக்கொள்ளவில்லை. ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியதும் அது நின்றுவிட்டது. சிரிக்காகுவா வகை 30 வீதத்தோடு நிலைபெற்றது. காரணம், இரண்டு வகைகளில் ஒவ்வொன்றைப் பெற்ற ஈக்களே, ஒரே வகையை இரட்டையாகப் பெற்றவற்றிலும் நன்கு பிழைத்தன. இரண்டும் இருந்தாற்றான் அத்தகைய ஈக்கள் பிறக்கும். ஆகவே இயற்கைத் தேர்வே இரண்டையும் காத்துவந்தது.

இது வெறும் ஈயின் கதையாக நிற்கவில்லை. அந்நூற்றாண்டின் முற்பகுதியில், உயிரினம் ஒவ்வொன்றுக்கும் சிறந்த உரு ஒன்றே உண்டு, மற்றையவை கறைகள் என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியிருந்தது. அதன் மிகக் கொடிய உருவத்தை, 1933இல் ஜெர்மனியில் இயற்றப்பட்ட கட்டாய மலடாக்கற் சட்டத்திற் காண்கின்றோம். டொப்ஷான்ஸ்கியோ, வேறுபாடு ஓர் இனத்தின் நோயன்று, அதன் முதல் என்று வாதித்தார். 1946இல் அவர் டன் என்பாரோடு சேர்ந்து எழுதிய 'பரம்பரை, இனம், சமுதாயம்' என்னும் நூல் பொதுமக்களுக்கு எழுந்தது. நோபல் பரிசு பெற்ற ஹேர்மன் முல்லர், மாறிய அலகுகளிற் பெரும்பாலானவை சுமையே என்று எதிர்வாதம் புரிந்தார். 1966இல் லெவொன்ரினும் ஹபியும் இதே ஈயினத்தின் புரதங்களை ஆராய்ந்தபோது, பார்த்த அலகுகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பல உருவில் இருக்கக் கண்டனர். அவ்வேறுபாடுகள் எல்லாவற்றையும் தேர்வே காத்து நிற்கின்றதென்று கூறவியலாது. பலவற்றுக்கு நன்மையும் தீமையும் இல்லை என்பாரும் உளர். எனினும் வேறுபாடு அருமையானதன்று, எங்கும் நிறைந்தது என்பது உறுதியாயிற்று.

பழைய கணக்கின் புதிய பயன்

ஐரோப்பாவுக்குரிய துரொசோபிலா சப்ஒப்ஸ்கியூரா என்னும் உறவினம் 1978இல் சிலியிலும் 1982இல் வட அமெரிக்காவிலும் காணப்பட்டது. அதன் இழைத் திருப்பங்களும் வெப்ப நாட்டில் ஒருவிதமாகவும் குளிர் நாட்டில் வேறொருவிதமாகவும் அமைந்துள்ளன. மூன்று கண்டங்களில் 26 இடங்களின் பழைய கணக்குகளைப் புதிய கணக்கோடு ஒப்பிட்ட ஆய்வு 2006இல் வெளிவந்தது. 22 இடங்களில் வெப்பம் உயர்ந்திருந்தது. அவற்றுள் 21 இடங்களில் வெப்ப நாட்டு வகைகள் பெருகியிருந்தன. உலகம் வெம்மையுறுவதை ஈயின் நிறமூர்த்தம் பதிந்துவைத்திருந்தது. அதனை நாம் வாசிக்க முடிந்தது, பயன் கருதாது முன்னோர் எண்ணி எழுதிவைத்தமையாலன்றோ?

இதுவே எம் மாணவரின் வினாவுக்கு நாம் அளித்த விடை. அதனோடு மற்றொன்றும் கூறினோம். இளவேனிலுக்கு ஒரு வகையும் கோடைக்கு ஒரு வகையும் தன்னகத்தே வைத்திருந்தமையால் அம்மலை ஈக்கள், பருவம் மாறியபோதெல்லாம் பிழைத்தன. ஒரே வகையாக இருந்திருந்தால், மாறுவதற்கு அவற்றிடம் என்ன இருந்திருக்கும்? ஈயின் நீதியை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்லுதல் விஞ்ஞானமாகாது. ஆனால் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாய் இருத்தலே உயர்வென்று எவரேனும் இயற்கையைச் சான்றுக்கு அழைப்பாராயின், இயற்கை அவர் பக்கத்திற் சாட்சி சொல்லாது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.