புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் மலையேறலாமா?

கொல்கத்தா: பெஹாலாவை அடுத்த தாகுர்புகூரில் 1973 முதல் புற்றுநோய் சிகிச்சை மையம் இயங்கி வருகிறது. இத்தகைய சிகிச்சை முடித்தவர்கள் மலையேற இயலுமா? இயலும் என்பதற்கு அமெரிக்கரான ஷான் ஸ்வார்னர் சான்று. பதின்ம வயதில் இருமுறை புற்றுநோயால் பாதிக்கப்பட்ட அவர், 2002-இல் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார்.

எனினும், இது அனைவருக்கும் பொருந்தாது. மேற்கு வங்கத்தின் மிக உயரமான சந்தக்பூ சிகரம் 3,636 மீட்டர் உயரம் கொண்டது. அங்கு கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. சில கீமோதெரபி மருந்துகள் இதயத்தையும் நுரையீரலையும் பாதிக்கக்கூடும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால், சிறு சறுக்கலும் எலும்பு முறிவில் முடியலாம்.

எனவே, இதயம், நுரையீரல், ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பரிசோதித்து, சிகிச்சை அளித்த மருத்துவரின் ஒப்புதலுடன் புறப்படுவதே பாதுகாப்பானது. வழியில் மூச்சுத்திணறல் ஏற்பட்டால், தாமதிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.