மண்ணடியில் மண் எங்கே?

சென்னை மண்ணடியின் நெருக்கமான தெரு ஒன்றில், மூன்றாம் மாடியில் மகனோடு வாழ்கிறார் அந்தத் தாய். காயல்பட்டினத்தில் முற்றமும் கிணறும் முருங்கையும் சூழ வாழ்ந்தவர். கணவரின் மறைவுக்குப்பின் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். பெருநாளுக்கு முந்திய இரவு, பேத்தி கடையில் வாங்கிய மருதாணிக் கூம்பை நீட்டியபோது, "ஊரில் நம் மருதாணிச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் வாப்பா?" என்று மகனைக் கேட்டார். மகனிடம் பதில் இல்லை.

பட்டணத்தில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் இந்த ஏக்கம் உண்டு. விடுமுறையில் பிள்ளைகளைக் கிண்டிக்கு அழைத்துச் செல்கிறோம். 1978இல் தேசியப் பூங்காவான அக்காட்டில் புள்ளிமான்களைக் கண்டு மகிழ்கிறோம். நல்லதுதான். ஆயினும், தன் கையால் ஊற்றும் நீருக்காகக் காத்திருக்கும் ஓர் உயிரையன்றோ அந்தத் தாய் தேடுகிறார்!

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

பிரியாணிக்கு வாங்கும் புதினாவில் இலைகளை ஆய்ந்தபின் தண்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஈர மண்ணில் ஊன்றினால் வேர்விடும். கொத்துமல்லி விதையை இரண்டாக உடையும்படி மெல்லத் தேய்த்துத் தூவினால் முளைக்கும். வெயில் படும் மாடியில் பெரிய தொட்டி ஒன்று வைத்தால் மருதாணியும் வளரும்.

தண்ணீருக்கு எங்கே போவது? அண்ணலார் ஒரு 'முத்து', அதாவது இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு நீரிலேயே ஒளுச் செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறோம். கீழே ஒரு பாத்திரம் வைத்தால் அந்நீரே செடிகளுக்குப் போதும்.

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில், பல்லாண்டுகள் நிழல் தந்த மரங்கள் ஒரே நாளில் சாய்ந்ததைச் சென்னை கண்டது. இழந்த நிழல் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். பள்ளிவாசல் வளாகத்தில் இடமிருந்தால் ஜமாஅத்தார் ஒரு வேப்பங்கன்று நடலாமே!

சகோதரிகளே! ஊரிலிருந்து அடுத்து வருபவரிடம், பலகாரப் பொட்டலத்தோடு ஒரு மருதாணிக் குச்சியும் கேட்டு வாங்குங்கள். அதை நட்டு, நீரூற்றும் பொறுப்பை வீட்டின் மூத்தவரிடமும் இளையவரிடமும் சேர்த்து ஒப்படையுங்கள். வல்ல அல்லாஹ் அதைத் தழைக்கச் செய்வானாக! ஆமீன்.