முட்டை ஓடு சொன்ன சாட்சி!

ஹாஸ்டல் மெஸ்ஸில் அடுத்த தடவை முட்டை போடும்போது, உரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட் செய்து பாருங்க. முட்டையின் இரண்டு முனைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து நேராக அழுத்துங்க. ம்ஹூம்... லேசில் உடையாது! அரை மில்லிமீட்டர்கூட கனம் இல்லாத ஓடு, ஜிம்முக்குப் போகிற நம்ம ரூம்மேட்டையே 'போடா டேய்' என்று சொல்லிவிடும். சிவில் பசங்களைக் கேட்டால், "எல்லாம் டோம் ஷேப் மச்சி!" என்பார்கள்.

அம்மா பறவை மேலே உட்கார்ந்தாலும் உடையக்கூடாது, உள்ளே இருக்கிற குஞ்சு மூக்கால் தட்டினால் உடைய வேண்டும். இவ்வளவு கச்சிதமான டிசைனை எந்த இன்ஜினீயரும் போட்டதில்லை.

அப்படிப்பட்ட முட்டை, அம்மா உட்கார்ந்த உடனே 'பொதக்' என்று நசுங்கினால்? ஒரு கூட்டில் இல்லை, இரண்டு கூட்டில் இல்லை, நூற்றுக்கணக்கான கூடுகளில்! இது சினிமாக் கதை இல்லைங்க, நிஜமாகவே நடந்தது. குற்றவாளியைக் கண்டுபிடித்தது ஒரு தராசும், ஒரு கேலிப்பரும்!

புறாக்காரர்களின் புகார்

வருஷம் 1960. இடம் பிரிட்டன். நம்ம வடசென்னை மாதிரியே அங்கேயும் புறா ரேஸ் வெறியர்கள் உண்டு. அவர்கள் அரசாங்கத்திடம் ஒரு புகாரோடு போனார்கள். "பெரிக்ரின் வல்லூறுகள் ரொம்பப் பெருகிவிட்டன. எங்கள் புறாக்களை அடித்துத் தின்கின்றன. அவற்றுக்குக் கொடுத்த சட்டப் பாதுகாப்பை எடுங்கள்!"

பெரிக்ரின் வல்லூறு என்றால் சும்மா இல்லை. வானத்தில் இருந்து இரை மேல் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் பார்ட்டி. உலகத்திலேயே வேகமான பறவை. இதன் ஒரு பிரிவான ஷாஹீன், நம்ம தென்னிந்திய மலைப் பாறைகளிலும் வாழ்கிறது.

சரி, நிஜமாகவே பெருகிவிட்டதா என்று எண்ணிப் பார்த்துவிடலாம் என முடிவானது. 1961, 1962-ல் நடந்த கணக்கெடுப்பை நடத்தியவர் டெரெக் ராட்க்ளிஃப் என்ற ஆராய்ச்சியாளர். ரிசல்ட் வந்ததும் எல்லோருக்கும் ஷாக். பெருகுவதாவது? இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இருந்ததைவிட ரொம்பவே குறைந்துவிட்டிருந்தது! புகார் கொடுத்தவர்கள் புண்ணியத்தில்தான் பறவை அழிந்துகொண்டிருப்பதே வெளியே தெரிந்தது.

முதல் சந்தேகம் விதைகள் மேல் விழுந்தது. அப்போது டீல்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகளை விதையில் பூசி விதைப்பார்கள். விதையைத் தின்ற புறா செத்தது. புறாவைத் தின்ற வல்லூறும் செத்தது. அது உண்மைதான். ஆனால், ராட்க்ளிஃப் மனதில் வேறு ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. 1950-களிலேயே, பாறை இடுக்குக் கூடுகளில் உடைந்த முட்டைகளை அவர் அடிக்கடி பார்த்திருந்தார். சில தாய்ப் பறவைகள் தன் முட்டையைத் தானே தின்றுகொண்டிருந்தன. முன்பெல்லாம் அரிதாக நடந்த விஷயம், திடீரென்று ஏன் இவ்வளவு சகஜமாகிவிட்டது?

ஒருவேளை... ஓடு மெலிந்துவிட்டதோ?

அலமாரியில் தூங்கிய ஆதாரம்

சந்தேகப்படுவது ஈஸி. நிரூபிப்பது எப்படி? இன்றைய முட்டை ஓட்டை அளந்துவிடலாம். 'முன்பு எவ்வளவு இருந்தது?' என்று தெரிந்தால்தானே மெலிந்ததா என்று சொல்ல முடியும்!

இங்கேதான் கதையில் ட்விஸ்ட். பிரிட்டனில் ஒரு காலத்தில் ஸ்டாம்ப் சேர்ப்பது மாதிரி, காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேர்ப்பது பெரிய ஹாபி. சின்னதாக ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றிவிட்டு, தேதி, இடம் எல்லாம் எழுதி டிராயரில் அடுக்கி வைப்பார்கள். பறவைகளுக்கு இது பெரிய தொல்லையாக இருந்ததால், 1954-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆனால், அதற்கு முன் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த ஓடுகள், மியூசியங்களிலும் வீட்டு அலமாரிகளிலும் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் தேதியோடு!

ஆனால், ஓட்டின் கனத்தை அளக்க முட்டையை உடைக்க வேண்டுமே? எந்த மியூசியம் சம்மதிக்கும்? ராட்க்ளிஃப் உடைக்காமலே வழி கண்டுபிடித்தார். காலி ஓட்டின் எடையை மில்லிகிராமில் எடு. நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கு. எடையை அந்தப் பெருக்குத்தொகையால் வகு. அவ்வளவுதான்! ஒரே சைஸ் முட்டையில் இந்த எண் குறைந்தால் ஓடு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கும் இதற்கு 'ராட்க்ளிஃப் இண்டெக்ஸ்' என்றுதான் பெயர். நம்ம ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப் லெவல் கணக்கு!

உதாரணத்துக்கு, 57 மில்லிமீட்டர் நீளம், 43 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கோழிமுட்டை ஓடு 5,500 மில்லிகிராம் இருந்தால், இண்டெக்ஸ் சுமார் 2.24.

வருஷவாரியாக கிராஃப் போட்டார். அத்தனை வருஷமும் சமமாக ஓடிய கோடு, ஒரே இடத்தில் தடாலென்று விழுந்தது. வருஷம் 1947. வல்லூறு முட்டை ஓட்டின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு காணோம்! 1967-ல் 'நேச்சர்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. அடுத்த வருஷமே அமெரிக்காவில் ஜோசப் ஹிக்கி, டேனியல் ஆண்டர்சன் என்ற இருவர் அங்குள்ள மியூசிய முட்டைகளை அளந்து பார்த்தார்கள். அங்கேயும் அதே 1947. அதே 19 சதவீதமும் அதற்கு மேலும்!

இரண்டு நாடு, நடுவில் ஒரு பெருங்கடல். ஒரே வருஷம். அப்படி என்னதான் நடந்தது 1947-ல்?

ஹீரோ வில்லனான கதை

டி.டி.டி. நம்ம தாத்தா பாட்டிக்கு நல்லாத் தெரிந்த பெயர். இது பூச்சியைக் கொல்லும் என்று 1939-ல் கண்டுபிடித்தவர் ஸ்விட்சர்லாந்தின் பால் முல்லர். போர் நேரத்தில் பேன் மூலம் பரவிய டைஃபஸ் காய்ச்சலையும், கொசு மூலம் பரவிய மலேரியாவையும் அடக்கியது இந்த வெள்ளைப் பவுடர்தான். அது காப்பாற்றிய உயிர்கள் கணக்கில் அடங்காது. 1948-ல் முல்லருக்கு மருத்துவ நோபல் பரிசே கிடைத்தது.

போர் முடிந்ததும் அதே பவுடர் வயலுக்கும் தோப்புக்கும் வந்தது. டன் டன்னாகத் தெளித்தார்கள். பிரச்னை என்னவென்றால், டி.டி.டி. லேசில் அழியாது. உடம்புக்குள் டி.டி.இ. என்று மாறி, கொழுப்பில் போய் செட்டில் ஆகிவிடும். தண்ணீரில் கரைந்து வெளியேறவும் செய்யாது. சின்ன மீனில் கொஞ்சம். பத்து சின்ன மீனைத் தின்ற பெரிய மீனில் அந்தப் பத்தின் விஷமும். பெரிய மீனைத் தினமும் தின்னும் பறவையில்? பயாலஜி புத்தகங்களில் வரும் படத்தை, அந்த க்ரூப் எடுக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீரில் 0.003 பி.பி.பி. இருந்த டி.டி.டி., மீன் தின்னும் பறவையில் 25 பி.பி.எம். ஆகிறது. அதாவது, சுமார் 80 லட்சம் மடங்கு!

அந்த அளவு பறவையைச் சாகடிக்கவில்லை. அதுதான் விஷயமே! பறவை பறந்தது, வேட்டையாடியது, ஜோடி சேர்ந்தது, கூடு கட்டியது. ஆனால், முட்டைக்கு ஓடு போடும்போது ரத்தத்தில் இருந்து வர வேண்டிய கால்சியத்தை டி.டி.இ. தடுத்துவிட்டது. சிமென்ட் பாதி வரவில்லை, ஆனால் கட்டடம் எழும்பிவிட்டது. அப்புறம் என்ன ஆகும்?

இதில் இன்னொரு வேடிக்கை. கோழிக்கும் காடைக்கும் இந்தப் பாதிப்பு மிகக் குறைவு. கோழியை மட்டும் வைத்து டெஸ்ட் செய்திருந்தால், 'டி.டி.டி. பாஸ்' என்று சர்ட்டிஃபிகேட் கொடுத்திருப்பார்கள்! கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறு இனத்தைக் கூண்டில் வளர்த்து, டி.டி.இ. கலந்த தீனி கொடுத்துப் பார்த்தபோது ஓடு மெலிந்தது. 1970-ல் அந்த ரிசல்ட்டும் வந்தது. கேஸ் க்ளோஸ்.

552 கூடு... 1 குஞ்சு!

இந்தக் கதையின் மிகச் சோகமான சீன் நடந்தது கலிஃபோர்னியா பக்கத்தில், அனகாபா தீவில். அங்கே கூடு கட்டுவது பழுப்புக் கூழைக்கடா. நம்ம கூந்தன்குளத்துக்கு வருகிற கூழைக்கடாவின் சொந்தக்காரர். லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் 1947-ல் தொடங்கிய ஒரு டி.டி.டி. ஃபேக்டரியின் கழிவு, சாக்கடை வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடலில் இருந்து மீனுக்கு. மீனில் இருந்து கூழைக்கடாவுக்கு.

கூழைக்கடா அடைகாக்கும் ஸ்டைலே தனி. சவ்வு வைத்த பாதங்களை முட்டை மேல் வைத்துத்தான் சூடு கொடுக்கும். ஓடு மெலிந்தால் கேட்கவே வேண்டாம். 1970-ல் அனகாபாவில் 552 ஜோடிகள் கூடு கட்டின. பிழைத்த குஞ்சு எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று!

அந்தத் தீவுக்கு மேலே அப்போது யாராவது விமானத்தில் போயிருந்தால், ஆயிரம் பறவைகளைப் பார்த்து, 'ஆஹா, எவ்வளவு பறவைகள்!' என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். பெரிசுங்க எல்லாம் உயிரோடுதான் இருந்தன. அடுத்த தலைமுறைதான் இல்லை.

1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. பிறகு நடந்ததுதான் க்ளைமாக்ஸ். வெண்தலைக் கழுகு, அதாவது அமெரிக்காவின் தேசியச் சின்னத்தில் இருக்கும் கழுகு, 1963-ல் அலாஸ்கா நீங்கலாக 417 ஜோடிதான் இருந்தது. 2007-ல் ஆபத்துப் பட்டியலில் இருந்து வெளியே வந்தபோது 9,789 ஜோடி! பெரிக்ரின் 1999-லும், பழுப்புக் கூழைக்கடா 2009-லும் அதே மாதிரி பட்டியலில் இருந்து வெளியே வந்தன. ஓடு மறுபடி கனத்தது. அவ்வளவுதான்.

இந்தியாவில் விவசாயத்துக்கு டி.டி.டி. 1989-ல் தடை செய்யப்பட்டது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க மட்டும் விதிவிலக்கு தந்தார்கள்.

நம்ம ஊர் பாறு கேட்கும் கேள்வி

'அதெல்லாம் அமெரிக்கா கதை பாஸ்' என்கிறீர்களா? முட்டையை விட்டுவிட்டுப் பெரியவர்களையே கொன்ற ஒரு ரசாயனத்தின் கதை இங்கேயே இருக்கு. ராஜஸ்தானின் பரத்பூரில், 1980-களில் பிணந்தின்னிக் கழுகுகளின் கூடுகளை எண்ணி வைத்திருந்தார் விபு பிரகாஷ். பத்து வருஷம் கழித்து மறுபடி எண்ணினால், பாதிக்கும் குறைவு! மாடுகளுக்கு வலி குறையப் போட்ட டைக்ளோஃபெனக் ஊசிதான் காரணம் என்று 2004-ல் நிரூபணமானது. செத்த மாட்டைத் தின்ற கழுகின் கிட்னியை அது காலி செய்தது. 1992-ல் இருந்து 2007-க்குள் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் போய்விட்டது. 2006-ல் மாடுகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள்.

தடை வந்தாச்சே, அப்புறம் என்ன என்றால்... பாறு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் போடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட சுமார் ஐந்து வருஷம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்க. பத்து வருஷத்தில் அழித்ததைத் திரும்பக் கொண்டுவர எத்தனை தலைமுறை வேண்டும்? நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில், நீர்மருது மரங்களின் மேல் கூடு கட்டி வாழும் பாறுகள்தான் தமிழ்நாட்டின் மிச்ச நம்பிக்கை. அங்கே ஒரு முட்டை வீணானால், அந்த ஜோடிக்கு ஒரு வருஷம் வீண்.

இரண்டு கதையிலும் ஒரே விஷயத்தைக் கவனிச்சீங்களா? பழைய கணக்கு இருந்ததால்தான் குற்றவாளி மாட்டினான். தேதி எழுதி வைத்த ஓடும், எண்ணி வைத்த கூடும் இல்லையென்றால், 'அப்பவே இப்படித்தான் இருந்தது' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

ஜனவரியில் பொங்கல் லீவில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் கேம்பஸ் கணக்கெடுப்பு. கால் மணி நேரம், ஒரு பேனா, ஒரு நோட்டு போதும். கேன்டீன் வாசலில் எத்தனை மைனா, வாட்டர் டேங்க் மேல் எத்தனை பருந்து என்று எழுதி வையுங்க. முக்கியமாக, குஞ்சுகளையும் எண்ணுங்க. தேதி போட மறக்காதீங்க.

முப்பது வருஷம் கழித்து, யாரோ ஒரு ராட்க்ளிஃப் உங்க நோட்டைத் தேடி வருவார்!