கண் மங்குது, தாகம் அடங்கல, வளர்த்தியும் இல்ல... மூணுக்கும் ஒரே மூளைக்கட்டி காரணமா?

தாம்பரத்தில் ஏழாவது படிக்கும் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு வருஷமா யூனிஃபார்ம் அளவு மாறவே இல்ல. ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து சிறுநீர் கழிக்கிறது, செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறது. சுகர் டெஸ்ட் எடுத்தால் நார்மல். போர்டில் எழுதுவது தெரியல என்றதும் கண்ணாடி வாங்கிக் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகும் பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரிவதில்லை.

தனித்தனியாகப் பார்த்தால் மூன்று பிரச்சினை. சேர்த்துப் பார்த்தால், காரணம் ஒன்றாகவே இருக்கலாம்: கிரானியோபரிஞ்சியோமா.

அது என்ன கட்டி?

மூளையின் அடிப்பகுதியில், பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டி வளரும் அரிய கட்டி இது. கருவில் அந்தச் சுரப்பி உருவானபோது மிஞ்சிய செல்களிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும். 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடமும், 50 வயதைத் தாண்டியவர்களிடமும் அதிகம்.

இது புற்றுநோய் அல்ல. ஆனால் இருக்கும் இடம் பொல்லாதது. மேலே இரண்டு கண் நரம்புகளும் சந்திக்கும் இடம். அங்கே அழுத்தினால் முதலில் இரு பக்கவாட்டுப் பார்வையும் போகும். சுரப்பியை அழுத்தினால் வளர்ச்சி நிற்கும். உடலில் நீரைக் காக்கும் ஹார்மோன் குறைந்தால் தாகமும் சிறுநீரும் கூடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கண் டாக்டரிடம் 'பார்வைப்புலப் பரிசோதனை' கேட்க வேண்டும். எழுத்து படிக்கும் சோதனை மட்டும் போதாது. சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. கட்டியில் உள்ள சுண்ணாம்புப் படிவு சி.டி. ஸ்கேனில் நன்றாகத் தெரியும். ரத்தத்தில் கார்டிசால், தைராய்டு அளவுகளும் பார்ப்பார்கள். கார்டிசால் குறைவாக இருந்தால், அதைச் சரிசெய்யாமல் ஆபரேஷன் செய்வது உயிருக்கே ஆபத்து.

மூக்கு வழியாக ஆபரேஷனா?

ஆமாம், பலருக்கு அது முடியும். எண்டோஸ்கோப்பை மூக்கு வழியாகச் செலுத்தி, மண்டை ஓட்டின் அடிப்பகுதி எலும்பைத் திறந்து கட்டியை எடுப்பார்கள். மூக்கின் உட்சவ்வையே திருப்பி வைத்து அந்தத் துளையை அடைப்பார்கள். கட்டி பெரிதாகவோ பக்கவாட்டிலோ பரவியிருந்தால் மண்டை ஓட்டைத் திறக்க வேண்டிவரும்.

முழுசா எடுத்துட முடியாதா?

குடும்பத்தார் முதலில் கேட்பது இதைத்தான். கட்டி ஹைபோதலாமஸில் ஒட்டியிருந்தால், பிடிவாதமாக உரித்தெடுப்பதில் ஆபத்து அதிகம். பசி, தூக்கம் எல்லாம் அங்கிருந்துதான் கட்டுப்படுத்தப்படுகின்றன. அது சேதமானால் அடங்காத பசியும் உடல் பருமனும் வாழ்நாள் தொல்லை. அதனால் கொஞ்சம் விட்டுவிட்டு, மிச்சத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பதும் முறையான சிகிச்சைதான். குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும் புரோட்டான் கதிர், சுற்றியுள்ள மூளைக்குப் போகும் கதிர்வீச்சைக் குறைக்கிறது. இந்தியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையம் 2019-ல் தரமணியில்தான் தொடங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகு?

மூக்கிலிருந்து தண்ணீர் போல ஒழுகினால் சளி என்று விட்டுவிடக் கூடாது. மூளை நீர் கசிவாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை 'இப்போ நல்லாத்தானே இருக்கு' என்று தாமாக நிறுத்தவே கூடாது. கட்டி திரும்ப வரக்கூடும் என்பதால் ஸ்கேன் பல ஆண்டுகள் தொடரும்.

எங்கே போவது?

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-லேயே டாக்டர் பி.ராமமூர்த்தி மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இன்றைய ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை அதுதான். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வழியில் கிண்டியில், 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையும் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு.

கண்ணுக்கு ஒரு டாக்டர், வளர்ச்சிக்கு ஒரு டாக்டர் என்று தனித்தனியாக அலையும்போதுதான் மாதங்கள் ஓடிவிடுகின்றன. இழந்த பார்வை எல்லோருக்கும் திரும்புவதில்லை. எனவே எந்த டாக்டரிடம் போனாலும் மூன்று அறிகுறிகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்.