நிறுத்தத் தெரிந்த வாத்தியார்

தாம்பரத்திலிருந்து கடற்கரை ரயிலேறிச் சென்றால், சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகள் குத்துச்சண்டை வளர்த்த வடசென்னையை அடைகிறோம். அங்கே பயிற்சியாளருக்கு ‘வாத்தியார்’ என்றே பெயர். இன்று குத்து, உதை, மல்யுத்தப்பிடி மூன்றும் கலந்த சண்டைப் போட்டியும் பரவியுள்ளது. இதில் பிடி தாங்காதவர் எதிரியின் உடலையோ தரையையோ கையால் தட்டினால் நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்துவார். தட்டத் தயங்கினால் மூட்டு பிசகும், எலும்பும் முறியலாம். ஆகவே நல்ல வாத்தியார் முதலில் தட்டவே கற்பிப்பார். நல்ல அமைப்பாளர் ஒத்த எடையினரையே மோதவிடுவார். தலையில் பலத்த அடிபட்டவரை மருத்துவர் அனுமதியின்றி மீண்டும் மேடையேற்றமாட்டார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முறை இடம்பெற, நம் மேரி கோம் வெண்கலம் வென்றார். தோழியரே, நாமும் களமிறங்கலாம், ஆனால் முதலில் கேட்போம்: “வாத்தியாரே, எப்போது நிறுத்துவீர்கள்?”